உடலுக்கு இன்றியமையாத ஊட்டச்சத்துகள் எவை? சோறும் கூழும் உண்பவர்கள் அவற்றைத் தனியாக வாங்க வேண்டுமா?

அரிசிச் சோறும் கேழ்வரகுக் கூழும் உண்டு வளர்ந்த தம் வீட்டில் தாயும் தங்கையும் எப்போதும் அசதியாக இருப்பதாகவும், கடைகளில் விற்கும் சத்து மாவு டின்களை வாங்கத் தொடங்கலாமா என்றும் கேள்வி கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவள் நான். டின் வாங்குவதற்கு முன்னால் உங்கள் தட்டில் எது எதனோடு சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் பதில். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘இன்றியமையாத’ என்ற சொல்லுக்கு ஊட்டச்சத்து அறிவியலில் கறாரான பொருள் உண்டு. ஒரு பொருள் உடலுக்குத் தேவை என்றால் மட்டும் போதாது. அதை உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாமலோ, வேண்டிய அளவுக்கு ஆக்கிக்கொள்ள முடியாமலோ இருந்தால்தான் அது இன்றியமையாத சத்து. கொலஸ்டிரால் நம் ஒவ்வொரு உயிரணுவுக்கும் வேண்டும். ஆனால் கல்லீரலே அதைச் செய்துவிடுவதால் இந்தக் கணக்கில் அது வராது. முருங்கை மரத்தடியில் தழை கடிக்கும் ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது. அதே மரத்தின் கீரையை ஆய்ந்துகொண்டிருக்கும் நமக்கு அந்தத் திறன் இல்லை, நாம் அதை உண்டுதான் ஆக வேண்டும். இப்படிப் பார்த்தால் புரதத்தின் உறுப்புகளான அமினோ அமிலங்களில் 9, கொழுப்பு அமிலங்களில் 2, வைட்டமின்கள் 13, கால்சியம், இரும்பு, துத்தநாகம், அயோடின் போன்ற தாது உப்புகள், இவற்றோடு தண்ணீர் ஆகியவை நமக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். உடல் இயங்குவதற்கான எரிபொருள், மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கிலோ கலோரியும் கொழுப்பில் 9 கிலோ கலோரியுமாகக் கிடைக்கிறது. வயிறு நிறைந்தவருக்கு எரிபொருள் பெரும்பாலும் கிடைத்துவிடும். வயிறு நிறைந்த பிறகும் கிடைக்காமல் போகிற மற்ற சத்துகளைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழையே எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விடுகிறார்கள். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கட்டி தட்டாமல் கிளறி, ஓர் இரவு ஆறவிட்டு, காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்கிறார்கள். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியலும் மாங்காய்த் துண்டும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே இருக்கிறது. ஆனால் கேழ்வரகில் பைட்டேட் என்னும் பொருளும் இருக்கிறது. அது கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. புளிக்க வைப்பதும் முளைகட்டுவதும் அந்தப் பைட்டேட்டைக் குறைக்கின்றன. ஆகவே முதல் நாள் இரவு மாவைக் கரைத்து வைக்கும் வேலை சுவைக்காக மட்டும் செய்யப்படுவதன்று. முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின், தாளிக்கும் எண்ணெயின் துணையோடு உடலில் சேர்ந்து வைட்டமின் ஏ ஆகிறது; மாங்காயின் வைட்டமின் சி கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பை உறிஞ்ச உதவுகிறது; கருவாடு தரமான புரதத்தையும், தாவர உணவு எதிலும் நம்பத்தக்க அளவில் கிடைக்காத வைட்டமின் பி12-ஐயும் தருகிறது. துணைக்கு எதுவும் இல்லாமல் கூழை மட்டும் குடித்தால் இவற்றில் பாதிகூட நடக்காது. இன்று பல வீடுகளில் கூழ் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் கடையில் வாங்கிய ஊறுகாய் இருக்கிறது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

அரிசியைக் குற்றவாளியாக்கிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆரணி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி அரைக்கும் புழுங்கல் அரிசியின் வரலாறு தெரிந்தால் அப்படிப் பேச மனம் வராது. உமிக்கு அடுத்த தவிட்டில் இருக்கும் வைட்டமின் பி1, நெல்லைப் புழுக்கும்போது அரிசியின் உள்ளே நகர்ந்துவிடுவதால் பிறகு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது. பச்சையாகத் தீட்டிய அரிசியில் அது தவிட்டோடு போய்விடும். பழைய சென்னை மாகாணத்தில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் (இன்றைய ஆந்திரக்) கடற்கரைப் பகுதியில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் வேரூன்றியிருந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் அதிலிருந்து தப்பின. அந்த நோயை ஆராய்வதற்காகப் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் குன்னூரில் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அரிசியிடம் உள்ள உண்மையான குறை வேறு. அதன் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைய, ஆனால் மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் குறைவு. சோற்றில் பருப்பைப் பிசைந்து உண்ணும்போது இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 42 கிராம். தண்ணீராக வைத்த சாம்பார் அந்தக் கணக்கை நிறைவு செய்யாது. கெட்டிப் பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 6 கிராம் புரதம் தரும் ஒரு முட்டை, தயிர் ஆகியவை நிறைவு செய்யும்.

அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். வைட்டமின் டி-யை வேலூர் வெயில் தரும் என்று நினைக்கிறோம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்கூடங்களுக்கு விடிந்ததும் வேனில் ஏறிச் சென்று மாலையில் திரும்பும் பெண்களின் தோலில் அந்த வெயில் படுவதே இல்லை.

இனி இரும்பு. உங்கள் வீட்டு அசதியைக் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் என் கண் முன்னே மயங்கி விழுந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உட்புறம் வெளுத்திருந்தது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்தபோது, இரும்பைக் கொண்டு உருவாகும் ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 8.4 கிராம் இருந்தது. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மருத்துவர் குடற்புழு மாத்திரையும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்தார். ஒரு மாதம் கழித்தும் அவள் முகத்தில் மாற்றம் இல்லாததால் வீட்டுக்குப் போனேன். தாய் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அலமாரியில், அவருடைய இரண்டு நாள் கூலியை விழுங்கிய சத்து மாவு டின் ஒன்று இருந்தது. மாத்திரை எப்போது தருகிறீர்கள் என்று கேட்டேன். “காலையில டீயும் பொறையும் சாப்புடும்போதே குடுத்துடறேன் டீச்சர், டீயிலதான் அது உள்ள எறங்குது” என்றார்.

பிரச்சினை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் செய்கின்றன. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் சிறு பகுதியையே நம் குடல் ஏற்கும். அதையும் உணவோடு குடிக்கும் டீ, காபி குறைத்துவிடுகிறது. மாதவிடாயில் ரத்தம் இழப்பதால் பெண்ணின் தேவையோ அதிகம்: நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் என்றால் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று அதே ஆராய்ச்சிக் குழு சொல்கிறது. அந்த வீட்டில் நான் மாற்றச் சொன்னவை மிகக் குறைவு. மாத்திரையை மதியச் சோற்றுக்குப் பிறகு தண்ணீரில் விழுங்க வேண்டும்; அதன் பின் அரை நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கடிக்க வேண்டும்; டீ குடிப்பதானால் உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்; டின்னுக்குக் கொடுக்கும் காசில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அதே மருத்துவமனையில் அவளுக்கு 11.3 கிராம் இருந்தது. அன்று துணைக்கு வந்திருந்த தாயையும் பரிசோதித்துக்கொள்ளும்படி வற்புறுத்தினேன். தனக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்தே வேலை செய்வதால் வரும் அசதிதான் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். அவருக்கு 7.9 இருந்தது. ஆகவே தங்கையோடு உங்கள் தாயையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தப் பரிசோதனைக்கு அங்கே கட்டணம் இல்லை. இரும்புக் குறைவு இல்லை என்று தெரிந்தால் பி12, தைராய்டு பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.