பரணுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை

கேள்வி: நானும் மனைவியும் சென்னை மேற்கு மாம்பலத்தில் மூன்று படுக்கையறை வீட்டில், மாதம் 30,000 ரூபாய் வாடகையில் வசிக்கிறோம். ஓய்வூதியம்தான் வருமானம். மகள்கள் திருமணமாகிச் சென்றுவிட்டதால், அருகிலேயே 22,000 ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாற நினைக்கிறோம். பரண் நிறையப் பித்தளை அண்டாக்கள், ஓடாத கணினி, மறைந்த என் தாயாரின் டிரங்குப் பெட்டி ஆகியவை இருக்கின்றன. விற்றால் எவ்வளவு தேறும்? வரி உண்டா?

பதில்: சாமான்களின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள், வாடகையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இரு வீட்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 8,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 96,000 ரூபாயை, அந்தச் சாமான்கள் குடியிருப்பதற்காக நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இருபது கிலோ பித்தளை இருந்து, கிலோவுக்கு 500 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், வருவது 10,000 ரூபாய்தான். நல்ல விலைக்காக இரண்டு மாதம் காத்திருந்தால் அது வாடகையிலேயே போய்விடும்.

அண்டாக்களை வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, இரண்டு பாத்திரக் கடைகளில் விசாரித்தபின் கொடுங்கள். பணமாகவே கேளுங்கள், மாற்றாக எவர்சில்வர் பாத்திரம் வாங்கி வந்தால் பரண் மறுபடியும் நிரம்பும். தாயாரின் பெயர் வெட்டிய ஒன்றை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சொந்த உபயோகத்துக்கான பாத்திரம், கட்டில், பீரோ போன்றவற்றை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை அப்படியல்ல: 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு. அது தாயாரிடமிருந்து வந்த நகை என்றால், அவர் வைத்திருந்த காலமும் இதில் சேரும். அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால், அந்த ஏப்ரல் 1-இல் இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம்.

கணினியைக் காயலான் கடையில் போடாதீர்கள். செம்புக்காக வயர்களை எரிப்பவர்கள் கையில் அது போய்ச் சேரக்கூடும். ஆதார், பான் நகல்கள் இருக்கக்கூடிய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். போகி வரை காத்திருந்து எதையும் கொளுத்தவும் வேண்டாம்.

நான் மிகவும் கவலைப்படுவது அந்த டிரங்குப் பெட்டியைப் பற்றித்தான். பழைய பேப்பர்காரரை அழைப்பதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு தாளையும், புடவை மடிப்புகளையும் சேர்த்து, பிரித்துப் பாருங்கள். பத்து ஆண்டுகள் இயக்கப்படாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விட்டாலும், வாரிசுகள் அந்த வங்கி மூலமே அதைக் கோரிப் பெறலாம். தாயாரின் பெயரை ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். காகிதப் பங்குப் பத்திரம் கிடைத்தால், ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை (டிவிடெண்ட்) பெறாமல் விட்டதால் பங்குகள் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருந்தால்கூட, அங்கிருந்து மீட்க வழி உண்டு. இவற்றுக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்கப்படலாம் என்பதால், அவை கைவசம் இல்லையென்றால் வீடு மாறுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.