மியூசியத்துல இருக்கற பழைய ஜப்பான் சாகே பாட்டில்ல அப்படி என்ன ஸ்பெஷல்?

சாகேங்கற அரிசி மது ஊத்தி வைக்கற மண் பாட்டில் கோணலா இருக்கு, ஒரு பக்கம் கருகிப்போய் மேல ஏதோ தெளிச்ச மாதிரி இருக்கு, இதைப் போய் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களேன்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கருகலும் தெளிப்பும்தாங்க அதோட அழகே. எனக்கு ரொம்பப் பிடிச்சது பிசென்ங்கற ஜப்பான் மண்பாண்ட வகையில செஞ்ச பாட்டில், உங்க வர்ணனைக்கும் அதுதான் ஒத்துப்போகுது, அதை வச்சே சொல்றேன்.

இது ஜப்பான்ல ஒகயாமா பக்கத்துல இம்பேங்கற ஊர்ல செய்யறது. அங்க நெல் வயலுக்கு அடியில தோண்டி எடுக்கற களிமண்ல இரும்பு ஜாஸ்தி, நல்லா பிசுபிசுன்னு இருக்கும், வேகும்போது ரொம்ப சுருங்கும், அதனால கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு, பூசினா சரியா நிக்காது, சட்டுனு சூடேத்தினா விரிசல் விட்டுரும். அதான் கிளேஸே பூசாம பைன் விறகு போட்டு ஒரு வாரம் பத்து நாள்னு, சில சமயம் அதுக்கும் மேல, ராத்திரி பகலா மெதுவா சுடறாங்க. சூடு 1200 டிகிரியைத் தொடும்போது மண்ணு இறுகி கல்லாவே ஆயிடும், நம்ம மண்பானை மாதிரி கசியாது, சாகே தாராளமா ஊத்தி வைக்கலாம்.

இப்போ அந்தத் தெளிப்பு. விறகுச் சாம்பல் காத்துல பறந்து வந்து பாட்டிலோட தோள்பட்டையில உக்காந்து, சூட்டுல உருகி, மஞ்சளும் பழுப்புமா புள்ளி புள்ளியா ஒட்டிக்கும். ஜப்பான்ல இதை எள்ளுன்னே சொல்றாங்க. எந்தப் பக்கம் எள்ளு அதிகமோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் நெருப்பைப் பாத்து நின்னிருக்கும்.

சில பாட்டில்ல வெளுத்த மண்ணு மேல செக்கச்செவேல்னு கோடு கோடா ஓடும், பிரஷ்ல வரைஞ்சதுன்னு தோணும், ஆனா அது வைக்கோல். சூளையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கக் கூடாதுன்னு வைக்கோல் சுத்தி அடுக்குவாங்க, அது எரிஞ்சு போயிடும், ஆனா அதுல இருக்கற பொட்டாசியம் மண்ணுல இருக்கற இரும்போட சேந்து அந்த இடத்தை மட்டும் சிவப்பாக்கிடும். ஒரே மாதிரி ரெண்டு பாட்டில் வரவே வராது, எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

மியூசியத்துக்கு எப்படி வந்துச்சுன்னா, அமெரிக்காவுல பாஸ்டன் நுண்கலை மியூசியத்தையே எடுத்துக்கோங்க. எட்வர்ட் மோர்ஸ்னு ஒரு அமெரிக்க விலங்கியல்காரர் 1877ல கடல் உயிரினம் ஆராயத்தான் ஜப்பான் போனார், போன இடத்துல மண்பாண்டப் பைத்தியம் பிடிச்சிருச்சு. ஜப்பான் நிபுணர் நினாகவா நொரிதானே கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு, சங்கு சிப்பியை வகை பிரிக்கற அதே கண்ணோட எந்த மாகாணம், எந்த சூளைன்னு பிரிச்சு 5000க்கு மேல சேத்துட்டார். அழகானதை மட்டும் பொறுக்காம சாதாரண வீட்டுச் சாமானையும் எடுத்ததாலதான் அதெல்லாம் தப்பிச்சுது. 1892ல அந்த மியூசியம் மொத்தத்தையும் வாங்கிடுச்சு.

கோணல் எப்படி வந்துச்சுன்னா, சில பாட்டிலை ஈரமா இருக்கும்போதே குயவர் அமுக்கி விட்டுருப்பார், சிலது சூட்டுல இளகி தானா சாஞ்சிருக்கும். அடுத்த தடவை போனா முன்னாடி மட்டும் நின்னு பாக்காம, இடம் இருந்தா பெட்டியைச் சுத்தி வந்து பின்பக்கத்தையும் பாருங்க, ரெண்டு பக்கமும் நிறம் சுத்தமா வேறயா இருக்கும்.