மகனை ஏ1 லீக்குக்கு அனுப்பலாமா?

செந்தூலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

எஸ்.பி.எம். தேர்வு முடித்த மகனை, இளையோருக்கான பிரசிடென் கிண்ணக் கால்பந்து அணித் தேர்வில் கழித்துவிட்டார்கள். இப்போது ஏ1 செமி-புரோ லீக் கிளப் ஒன்று கூப்பிடுகிறது. "அந்தச் சின்ன லீக்கில் ஆடி என்ன உருப்படப் போகிறான்?" என்று அவன் அப்பா கேட்கிறார். அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். படிப்பை மட்டும் நிறுத்தவிடாதீர்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இரண்டாம் நிலையில் இருந்த மலேசியப் பிரிமியர் லீக் 2022-ஓடு நின்றுபோனது. முன்பு எம்3 லீக் என்றிருந்ததுதான் இன்றைய ஏ1; நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படி அதுதான். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தேவை ஆட்ட நிமிடங்கள். சூப்பர் லீக் கிளப்புகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இளையவர்கள் பெஞ்சைத்தான் தேய்க்கிறார்கள். சம வயதுப் பையன்களோடு மோதும்போது வேகம் மட்டும் இருந்தால் சமாளித்துவிடலாம். ஏ1-இல் எதிரே நிற்பவருக்கு முப்பது வயது இருக்கும், மேல் லீக்கில் ஆடி இறங்கியவராக இருக்கும். நடுவர் பார்க்காத நேரத்தில் சட்டையைப் பிடிப்பார், தோளால் தள்ளுவார், பந்து வருமுன்பே இடத்தை அடைத்துவிடுவார். அதையெல்லாம் எந்த அகாடமியும் கற்றுத்தராது.

ஜேமி வார்டி கதையை யாராவது சொல்வார்கள். வாரம் முப்பது பவுண்டு சம்பளத்தில் கீழ்நிலை லீக்கில் ஆடி, 2016-இல் லெஸ்டரோடு இங்கிலாந்துப் பட்டம் வென்றவர். உண்மைதான். ஆனால் லட்சத்தில் ஒருவரை வைத்து வீட்டுக் கணக்குப் போட முடியாது.

கையெழுத்துக்கு முன் ஓர் இரவுப் பயிற்சியைப் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் வேலை முடிந்து யூனிபார்மோடு வந்து இறங்குவார்கள், அது குறையில்லை. பந்தைப் பறிகொடுத்த பையனிடம் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டுகிறாரா, இல்லை நாலு கெட்ட வார்த்தையோடு விட்டுவிடுகிறாரா? காயத்துக்கு ஐஸ் வைக்கவாவது ஆள் உண்டா?

பிறகு பணம். அலவன்ஸ் எந்தத் தேதியில் வரும், காயச் செலவு யாருடையது, இ.பி.எஃப். சேமநிதி, சொக்சோ காப்புறுதி உண்டா, மேல் கிளப் கூப்பிட்டால் விடுவார்களா, எல்லாம் எழுத்தில் வேண்டும். கிளப்பே காணாமல் போகலாம். நம் மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கம் மிஃபா என்று 2017-இல் பிரிமியர் லீக்கில் இறக்கிய அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டியாகச் சூப்பர் லீக் வரை ஏறியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது.

அதனால்தான் படிப்பைச் சொல்கிறேன். படிவம் 6 வகுப்பு பகலோடு முடிந்துவிடும், பயிற்சி இரவில். அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். நன்றாக வந்தால் மலாயா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலுக்கு மனுச் செய்யலாம். டிப்ளோமா என்றால் வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரியாகப் பாருங்கள். வெளியூர் விடுதி வேண்டாம். இடையில் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸும் எடுத்து வைக்கட்டும்.

இரண்டு பருவம் கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை நிமிடம் ஆடினான் என்று அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டாம் பருவத்தின் பாதியிலும் முதல் பதினொன்றில் இடம் கிடைக்கவில்லை என்றால், அந்த நோட்டோடு மூவரும் என்னை வந்து பாருங்கள். ஒப்பந்தத் தாளை மட்டும் கையெழுத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.