கேளுங்க மாமா: இந்த வாரம் பர்கர் கடை பஞ்சாயத்து

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "பர்கர் வாங்க கியூவுல நிக்கிறப்ப கவுண்டருக்கு அந்தப் பக்கம் நாள் பூரா நிக்கிற பயலோட காலக் கொஞ்சம் பாருங்க"ன்னு. அம்புட்டுதான், மெயிலும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சிருச்சு. திட்டுனவங்களும் உண்டு. அதனால இந்த வாரம் வேற எந்தக் கேள்வியும் எடுக்கல.

கேள்வி: மாமா, எங்க வீட்டு வாண்டுக்கு அடுத்த வாரம் ஏழாவது பொறந்தநாள். மீனாட்சி கோயிலுக்குப் போயிட்டு சிம்மக்கல்லுல கறி தோசை சாப்பிடுவோம்னு சொன்னா, பர்கர் கடைக்குத்தான் போகணும்னு தரையில உருளுறா. அப்படி என்ன வசியம் வச்சிருக்காய்ங்க?
- ஒரு அப்பா, திருமங்கலம்

மாமா: வசியம்தான், ஆனா அது பன்னுக்குள்ள இல்ல. சாப்பாட்டோட பொம்மையச் சேத்துக் குடுக்கிற ஹேப்பி மீல மெக்டொனால்ட்ஸ் 1979லயே அமெரிக்கா பூரா விக்க ஆரம்பிச்சிட்டாய்ங்க. பிள்ளைய இழுத்தா பிள்ளை மட்டுமா வரும், அப்பா பர்ஸோட வருவாரு, அம்மா வருவாங்க, அப்பத்தா வந்து "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா"ன்னு சொல்லிட்டு ஃப்ரைஸ்ல பாதியக் காலி பண்ணும்.

இது சின்னப்பிள்ளைக சமாச்சாரம். பெரியவங்களும் போறாங்களே, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல ஏசி, சுத்தமான பாத்ரூம், படம் போட்ட மெனு போர்டு, எது என்ன விலைன்னு யார்கிட்டயும் கேட்டு அசிங்கப்பட வேணாம், ஒரு கோக்க வாங்கி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்தாலும் "வேற?"ன்னு சப்ளையர் வந்து தலைமாட்டுல நிக்க மாட்டாரு. நீ எந்த ஊரு, யாரு மகன்னு கேள்வியே கிடையாது. இத சும்மா சொல்லல, அந்தக் கேள்விக்குப் பயந்தே டீக்கடை பெஞ்சுல உக்காராம வெளிய நின்னு தனி கிளாஸ்ல டீ குடிச்ச ஆளுக நம்ம பக்கத்துல இருந்தாங்க, அவங்க பேரப்பிள்ளைக இன்னைக்கு அந்தக் கண்ணாடிக் கதவத் தள்ளிக்கிட்டு ஜம்முனு உள்ள போகுது, அந்த சந்தோஷத்த நான் கேலி பண்ண மாட்டேன்.

அப்பறம், ருசி மாறாது. நம்ம மெஸ்ஸுல மாஸ்டருக்கு வீட்ல சண்டைன்னா அன்னைக்குக் கறி தோசையில மிளகு தூக்கலா இருக்கும். இவய்ங்ககிட்ட மாஸ்டரே கிடையாது. அது என்ன கதைன்னு அடுத்த கேள்வியில சொல்றேன்.

கூட்டிட்டுப் போங்க. ஆனா "பதினஞ்சு ரூவா சேத்தா பெருசு தாரோம்"னு சொல்லுவாய்ங்க பாருங்க, அங்க மட்டும் உஷாரு. அமெரிக்காவுல டேவிட் வாலர்ஸ்டீன்னு ஒருத்தர் தியேட்டர் நடத்துற கம்பெனியில இருந்தாரு, பாப்கார்ன் ஒரு பாக்கெட்டுக்கு மேல யாரும் வாங்க மாட்டேங்குறாங்களேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டவரு கண்டுபிடிச்சது என்னன்னா, ரெண்டாவது பாக்கெட்டு வாங்க மனுசன் கூச்சப்படுறான், அதையே பெரிய பாக்கெட்டா குடுத்தா கூசாம வாங்கித் திங்கிறான். அந்த மனுசன் பின்னாடி மெக்டொனால்ட்ஸ் நிர்வாகத்துக்குள்ளயே வந்து உக்காந்து, ஃப்ரைஸையும் பெரிய பாக்கெட்டுல போட வச்சாரு.

கேள்வி: மாமா, நான் காலேஜ் செகண்ட் இயர். ஒரு செயின் கடையில பார்ட் டைம் பாக்குறேன். பார்ட் டைம்னு பேருதான், சனி ஞாயிறு பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கணும். ராத்திரி வேலை முடிஞ்சதா பஞ்ச் அவுட் பண்ணச் சொல்லிட்டு அதுக்கப்பறம் ஃப்ரையர் கழுவ விடுறாங்க. கேட்டா "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி"ங்கிறாரு மேனேஜர். குதிகால் வலி தாங்கல. என்ன பண்ண?
- உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்

மாமா: ஃபேமிலியா? சிவராத்திரிக்கு குலசாமி கும்பிடப் போகணும், ரெண்டு நாள் லீவு வேணும்னு கேட்டுப் பாரு, ஃபேமிலி எம்புட்டு நெருக்கம்னு தெரிஞ்சிரும்.

தம்பி, ஒன்னைய ஏன் இப்படி நடத்துறாய்ங்கன்னு தெரிஞ்சுக்க 1948க்குப் போகணும். கலிபோர்னியாவுல சான் பெர்னார்டினோன்னு ஒரு ஊரு, அங்க மெக்டொனால்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரு நல்லா ஓடிக்கிட்டிருந்த கடைய இழுத்துப் பூட்டுனாங்க. காருக்குப் பக்கத்துல போயி பரிமாறுற பொண்ணுகள வேலைய விட்டு நிறுத்துனாங்க, மெனுவ 9 ஐட்டமா சுருக்குனாங்க, தட்டு முள்கரண்டி எல்லாத்தையும் தூக்கிட்டு பேப்பர்ல சுத்திக் குடுத்தாங்க, பர்கர் 15 சென்ட். அடுப்படியில யாரு எங்க நிக்கணும், எத்தன எட்டு வைக்கணும்னு டென்னிஸ் கோர்ட்டுல சாக்பீஸ்ல கோடு போட்டு ஆளுகள நடக்க விட்டுப் பாத்தாங்கன்னா பாத்துக்க. ஒருத்தன் கறிய மட்டும் பெரட்டணும், ஒருத்தன் சாஸ மட்டும் அமுக்கணும். சமைக்கத் தெரிஞ்ச ஆளே தேவையில்லாத அடுப்படி. ரே கிராக்னு ஒரு வியாபாரி வந்து 1955ல இதைய ஊரு ஊரா பரப்பி, 1961ல அண்ணன் தம்பிகிட்டேருந்து 27 லட்சம் டாலருக்கு மொத்தமா வாங்கிட்டாரு. ஒங்க கடையில டைமர் பீப் பீப்னு அடிக்குதுல்ல, அதுக்குத் தாத்தா அந்த சாக்பீஸ் கோடுதான்.

இப்ப நம்ம பரோட்டா மாஸ்டரப் பாரு. மாவ வீசி, கிழியாம விசிறி, சுருட்டி, கல்லுல போட்டு ரெண்டு பக்கமும் தட்டி எடுக்குறதுக்கு வருசக்கணக்கா கை பழகணும். அதனால முன்பணம் வாங்காம வர மாட்டாரு, மொறைச்சா மறுநாள் எதிர்த்த கடைக்குப் போயிருவாரு, ஓனரே டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணுவாரு. ஒன்னைய நாலு நாள்ல பழக்கிட்டாய்ங்கல்ல, அடுத்தவனையும் நாலு நாள்ல பழக்கிருவாய்ங்க, அதான் நீ வேலைய விட்டுருவேன்னு சொன்னாலும் மேனேஜர் மூஞ்சியில ஒரு பதட்டமும் வர மாட்டேங்குது.

சரி, என்ன பண்ணலாம். பஞ்ச் அவுட்டுக்கு அப்பறம் வேலை வாங்குறது திருட்டுத்தான், வேற பேரு கிடையாது. ஒரு பாக்கெட் நோட்டு போடு, வந்த நேரம் போன நேரம் தேதியோட எழுது, ரோஸ்டர போட்டோ எடு. வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் கட்டாய லீவு, கணக்குக்கு மேல நின்னா ரெட்டைச் சம்பளம், இதெல்லாம் சட்டத்துல இருக்குறது, மேனேஜர் தயவு இல்ல. ஓட்டல் வேலைக்கு குறைந்தபட்ச ஊதியம்னு அரசாங்கம் வச்சிருக்கு, அதுல பஞ்சப்படி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும், அதையும் பாத்துக்க. பே ஸ்லிப் கேட்டு வாங்கு. மாசச் சம்பளம் 21,000க்குள்ளன்னா இ.எஸ்.ஐங்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு, ஒன் சம்பளத்துல 0.75 சதவீதம்தான் பிடிக்கணும், கம்பெனி 3.25 போடணும். ஃப்ரையர் எண்ணெய் கையில கொட்டுனா, பிடிச்ச அந்தக் காசுக்கு இ.எஸ்.ஐ ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்கணும், கம்பெனி பர்னால் ட்யூப நீட்டிட்டு அனுப்பக் கூடாது. பி.எஃப் பிடிச்சா யு.ஏ.என்ங்கிற ஒன் பி.எஃப் அடையாள நம்பர வச்சு போன்லயே பாஸ்புக் பாரு, பிடிச்ச காசக் கட்டுனாய்ங்களான்னு.

குதிகால் வலிக்கு: கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல நம்ம தமிழ்நாட்டுல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, வேலை செய்றவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு. கேரளாவுல ஜவுளிக்கடைப் பொண்ணுக போராடுன பின்னாடி 2018ல அங்க வந்துச்சு, அப்பறம் நமக்கு. உக்காருறதுக்கு சட்டம் போட வேண்டியிருக்கு பாரு, என்னத்தச் சொல்ல.

தனியாப் போயி கேக்காத, கூட நிக்கிற நாலு பேரச் சேத்துக்க. அமெரிக்காவுலயே சும்மா கிடைக்கல, 2012 நவம்பர்ல நியூயார்க்ல பர்கர் கடை ஆளுக மணிக்கு 15 டாலர் குடுன்னு தெருவுக்கு வந்தாங்க, அப்ப அந்த நாட்டு குறைந்தபட்சக் கூலி 7.25தான். கலிபோர்னியாவுல பெரிய செயின் கடைகளுக்கு 20 டாலர்னு ஆனது 2024 ஏப்ரல்ல. பதினோரு வருசத்துக்கு மேல ஆச்சு. நீ அம்புட்டு நாள் அங்க நிக்க வேணாம், டிகிரிய முடி. அதுக்குள்ள ரொம்ப மிதிச்சாய்ங்கன்னா நோட்ட எடுத்துக்கிட்டு தொழிலாளர் துறை ஆபீசுக்குப் போ.

கேள்வி: முப்பது நிமிஷத்துல பீட்சா வரலைன்னா ஃப்ரீன்னு சொல்லுவாங்களே, ரயில்வே கேட் மூடுற நேரம் பாத்து ஆர்டர் போட்டா ஃப்ரீயா கிடைக்குமா மாமா?
- மாப்ள கேங், செல்லூர்

மாமா: அடப்பாவிகளா. அமெரிக்காவுல டோமினோஸ் இந்த வாக்குறுதிய 1993ல கைவிட்டாங்க, டெலிவரி வண்டி மோதுன ஒரு அம்மாவுக்கு கோடிக்கணக்கான டாலர் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்த சூட்டோட. இங்க பத்து நிமிஷ டெலிவரி வரைக்கும் வந்துருச்சு. காளவாசல் சிக்னல்ல ஆறு மணிக்கு ஒரு தரம் நின்னு டெலிவரிப் பயலுக பறக்குறதப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க.

கேள்வி: தம்பி, நான் முப்பது வருஷம் டீச்சரா இருந்தவ. பேத்தி கூட்டிட்டுப் போன கடையில ஆளுக்குப் பதிலா பெரிய டச் ஸ்க்ரீன். அதுல ஆர்டர் போட்டு, காசு கட்டி, நானே தட்டத் தூக்கிட்டு வந்து, நானே குப்பையும் போட்டேன். நான் கஸ்டமரா, வேலைக்காரியா?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, அண்ணா நகர்

மாமா: டீச்சர், ரெண்டும். சம்பளம் மட்டும் கிடையாது. அந்த மெஷின் "சீஸ் போடவா, பெருசாக்கவா, ஐஸ்கிரீம்?"னு எத்தன தடவை கேட்டாலும் சலிக்காது, நமக்கும் மெஷின்கிட்ட கூச்சம் வராது, வாலர்ஸ்டீன் பாப்கார்ன் கதையேதான். ஒரு நல்லது சொல்லட்டா, பத்து இடத்துலயோ அதுக்கு மேலயோ கடை வச்சிருந்தா மெனுவுல கலோரி போடணும்னு 2022 ஜூலைலேருந்து விதி இருக்கு. ஒரு மனுசனுக்கு நாளைக்கு சராசரி 2,000 கலோரி. உங்க பேத்திய வாசிக்கச் சொல்லி கூட்டிப் பாக்கச் சொல்லுங்க, கணக்கும் பழகுன மாதிரி ஆச்சு.

கேள்வி: எப்பப் பாரு பெரிய கடைக்காரனையே குத்துறீங்க. நான் மேலூர் ரோட்டுல பரோட்டா கடை வச்சிருக்கேன், ஆறு பேரு வேலை. ஒரு பயலும் தங்க மாட்டேங்குறான், எல்லாம் ஏசிக்கு ஓடுறாய்ங்க. எங்களப் பத்தி எழுத மாட்டீங்களா?
- ஒரு கடைக்காரர்

மாமா: எழுதுறேன், கோவிச்சுக்கக் கூடாது. ப்ளஸ் டூ முடிச்ச லீவுல நானும் ஒரு பரோட்டா கடையில க்ளீனரா இருந்தேன். கடை பேரு வேணாம், இப்ப இல்ல. பேட்டா நாளைக்கு நாளைக்குன்னு ரெண்டு மாசம் இழுத்தாரு, ராத்திரி மாவு மூட்டை மேல படுப்போம், வெங்காயம் வெட்டுறப்ப விரல வெட்டிக்கிட்டேன், காபித்தூளு வச்சு அமுக்கிட்டு அடுத்த டேபிளத் தொடைக்கச் சொன்னாரு. ருசி? அந்த சால்னா ருசி இன்னைக்கு வரைக்கும் எங்கயும் சாப்பிடல. ரெண்டும் ஒரே கடைதான்ணே.

பயலுக ஏசிக்கு ஓடல. ஒண்ணாந்தேதி மெசேஜ் வருது, பி.எஃப் பிடிக்கிறாய்ங்க, கம்பெனி டி-ஷர்ட்டப் போட்டா மாமனார் வீட்ல சொல்லிக்கலாம், யாரும் "டேய்"னு கூப்பிட மாட்டாய்ங்க. மேல உசிலம்பட்டிப் பையன் பட்ட கஷ்டத்தையும் மீறி நிக்கிறாய்ங்கன்னா இதுக்குத்தான். ஆறு பேருங்கிறதால இ.எஸ்.ஐ பத்துப் பேரு கணக்குலயும் பி.எஃப் இருவது பேரு கணக்குலயும் நீங்க வர மாட்டீங்க, அதுக்காக வார லீவும் குறைந்தபட்ச ஊதியமும் இல்லாமப் போயிராது. பேங்குல பிரதமர் விபத்துக் காப்பீடுன்னு ஒண்ணு, வருசத்துக்கு 20 ரூவா, 2 லட்சம் கவரேஜ். ஆறு பேருக்கும் சேத்து 120 ரூவாண்ணே.

கல்லுக்கு எதிர்த்தாப்புல ஒரு ஃபேன், பின்னாடி உக்கார ரெண்டு ஸ்டூலு, ஆளாளுக்கு வாரத்துல ஒரு நாள் முறை வச்சு லீவு. தீபாவளி வரைக்கும் செஞ்சு பாத்துட்டு பயலுக திரும்பி வந்தாய்ங்களான்னு எழுதுங்க. வந்திருந்தா நானே பஸ் ஏறி வந்து ரெண்டு வீச்சு சாப்பிடுறேன், சால்னா மட்டும் தாராளமா ஊத்தணும்.