பயணத்தில் ரா படங்களை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகளை) திருத்த ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள லேப்டாப் தாங்குமா?

தாங்கும், ஆனால் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரேம் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் அதை போர்டிலேயே சாலிடர் செய்திருப்பார்கள், அப்புறம் கூட்ட வழியே இல்லை. ஸ்டோரேஜ் குறைவாக இருந்தால் சமாளிக்கலாம். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் இம்போர்ட் செய்யும்போதே ஸ்மார்ட் ப்ரிவியூவை டிக் செய்துவிட்டால் நீண்ட பக்கம் 2560 பிக்சல் வரும் சின்னப் பிரதி ஒன்று உருவாகும், ஒரிஜினல்கள் இருக்கிற எஸ்எஸ்டி (தனியாகச் செருகும் சேமிப்பு டிரைவ்) பைக்குள்ளேயே கிடக்க நீங்கள் ரயிலில் உட்கார்ந்து கலர், எக்ஸ்போஷர் எல்லாம் சரிசெய்யலாம், ராத்திரி ரூமில் எஸ்எஸ்டியைச் செருகினால் திருத்தங்கள் ஒரிஜினலில் வந்து உட்கார்ந்துவிடும். நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்), ஷார்ப்னஸ் வேலையை மட்டும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிரதியில் பார்த்தால் ஏமாற்றும்.

மேக்புக் ஏர் (எம்1 சிப் மாடல் முதல்) இதற்கு நல்ல தேர்வுதான். ஃபேன் கிடையாது என்பதால் நூற்றுக்கணக்கில் எக்ஸ்போர்ட் போட்டால் சூடாகி வேகம் குறையும், கேமரா கார்டைச் செருக ஸ்லாட்டும் இல்லை, ரீடர் தனியாக வாங்க வேண்டும். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இரண்டையும் அணைத்துவிட்டுத் திருத்துங்கள், இல்லையென்றால் மஞ்சள் திரையை நம்பி படத்தை நீலமாக்கிவிடுவீர்கள். விமானத்தில் போவதாக இருந்தால் பவர் பேங்கை கைப்பையில்தான் வைக்க வேண்டும், 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட் ஹவர், விமானத்தின் 100 வாட் ஹவர் வரம்புக்குள் வந்துவிடும்.

கேமரா கார்டை மட்டும் ஊர் திரும்பும்வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.