ஒற்றை இருக்கை விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறேன். எந்த இன்ஜின் போடலாம்?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம்: வரைபடம் வாங்கி மரத்தில் கட்டும் ஒற்றை இருக்கை விமானம். காலி எடை 190 கிலோ வரும். 40 முதல் 50 குதிரைத்திறன் போதும் என்று வரைபடத்தில் இருக்கிறது. நண்பர் ஒருவர் 600 சி.சி. பைக் இன்ஜினைச் சும்மா தருகிறேன் என்கிறார். அதைப் போடலாமா, ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் சிறு விமான இன்ஜின்தான் வாங்க வேண்டுமா?

பதில்:

பைக் இன்ஜின் வேண்டாம். சும்மா கிடைத்தாலும் வேண்டாம். நான் அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறேன். இதுவரை இரண்டு சிறு விமானங்கள் கட்டி, இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் குதிரைத்திறனை மறந்துவிட்டு, அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த பைக் இன்ஜின் 100 குதிரைத்திறன் தருவது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போனால்தான். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லரை 5,800 சுற்றில் சுற்றினாலே அதன் நுனி வினாடிக்கு 455 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமே 340 மீட்டர்தான். நுனி அதைத் தாண்டினால் சத்தம்தான் கூடும், இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். இன்ஜினில், 5,800 சுற்றை 2,400க்குச் சற்றுக் கீழே இறக்கும் கியர்பாக்ஸ் கூடவே வருகிறது.

நாமே பெல்ட் போட்டுக் குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிலிண்டருக்குள் எரிபொருள் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கிராங்க்ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் சுழலும் முதன்மைத் தண்டு, ஒரு உதறு உதறும். மறுமுனையில் கனமான புரொப்பல்லர் அந்த உதறலுக்கு இணங்காமல் சுற்றும். நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு முறுகி முறுகி விடும். ஏதோ ஒரு சுற்று வேகத்தில் இந்த அதிர்வு தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு கியர் பல்லையோ தண்டையோ உடைத்துவிடும். இதைக் கணக்குப் போட்டு அடக்குவது தனிப் படிப்பு. அதோடு, சாலையில் பைக் தன் முழு சக்தியையும் சில வினாடிகள்தான் காட்டும். விமானத்தில் மேலே ஏறும்போது நிமிடக்கணக்கில் முழு சக்தி, பிறகு மணிக்கணக்கில் முக்கால் சக்தி.

குறைந்த சுற்றில் நேராகப் புரொப்பல்லரைச் சுற்றும் சாதாரண இன்ஜினே எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1929இல் மினசோட்டா மாநிலத்தின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினைத் தன் விமானத்தில் பூட்டினார். 40 குதிரைத்திறன்தான். இன்ஜின் எடை 100 கிலோவுக்கு மேல். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் பறந்தார்கள். பெரிய புரொப்பல்லர், நிதானமான சுற்று, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் எடை. விற்பவர் சொல்லும் எடையை நம்பாதீர்கள். எனக்கு 64 கிலோ என்று சொல்லி ஒரு இன்ஜினைக் கொடுத்தார்கள். கார்புரேட்டர், சைலன்சர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, குளிர்காற்றைத் திருப்பிவிடும் தகடுகள், இன்ஜினை விமானத்தோடு பிணைக்கும் மவுன்ட், ஆயில் எல்லாம் சேர்த்து குளியலறைத் தராசில் ஏற்றினேன். 79 காட்டியது. தராசை நகர்த்தி வைத்து மறுபடி பார்த்தேன், அதே 79. மூக்கில் கூடும் எடைக்கு வாலில் ஈடு கட்ட வேண்டும். ஈர்ப்பு மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னால் 10 கிலோ கூடினால், 3 மீட்டர் பின்னால் 4 கிலோ வைக்க வேண்டும். ஆக மொத்தம் 14 கிலோ தண்டம்.

இனி டூ-ஸ்ட்ரோக். எடை குறைவு, விலையும் குறைவு. என் முதல் விமானத்தில் தண்ணீரில் குளிரும் ஒரு டூ-ஸ்ட்ரோக்தான் இருந்தது. நவம்பர் மாதக் குளிரில் ஒரு காலை, போதுமான அளவு சூடேற்றாமல் கிளம்பிவிட்டேன். 400 அடி உயரத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்ஜின் பிடித்துக்கொண்டது. புரொப்பல்லர் கண்ணெதிரே அசையாமல் நின்றது. திரும்பிப் போக முயலாமல் மூக்கைக் கீழே தள்ளி, அறுவடை முடிந்த சோளக் காட்டில் நேராக இறங்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக உரசல் கோடுகள். பிஸ்டன் சூட்டில் விரிந்துவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிராகவே இருந்திருக்கிறது. இந்த நான்கு கோடுகளைப் பார்த்தால் காரணம் அதுதான் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். அந்த பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன். டூ-ஸ்ட்ரோக் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதைப் போட்டால், நின்றால் எங்கே இறங்குவது என்று ஒவ்வொரு நிமிடமும் கீழே பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். ரோட்டாக்ஸ் 582 என்ற டூ-ஸ்ட்ரோக் வகைக்கு 300 மணி நேரத்தில் முழுசாகப் பிரித்துச் சரிபார்க்கும் செலவும் உண்டு.

உங்கள் நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? மூக்கில் 80 கிலோ தாங்கும் என்று வரைபடம் சொன்னால், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினை விமானத்துக்கு மாற்றிப் போடுவேன். காற்றில் குளிர்வது, கியர்பாக்ஸ் தேவையில்லை, 3,300 சுற்றில் சின்ன புரொப்பல்லரை நேராகச் சுற்றும். பிரான்சின் ரோஜே டுருயின் வடிவமைத்த டர்புலன்ட் போன்ற ஒற்றை இருக்கை விமானங்கள் இந்த இன்ஜினில்தான் பறந்தன. என் இரண்டாவது விமானத்தில் இருப்பதும் இதுதான். ஒரே குறை, சிலிண்டர் தலைகள் சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். ஏறும்போது சூடு காட்டும் மீட்டர் மீது ஒரு கண் இருக்கட்டும். வரைபடம் 50 கிலோதான் தாங்கும் என்றால் டூ-ஸ்ட்ரோக். 912 அருமையான இன்ஜின்தான், ஆனால் புதிது 20,000 டாலருக்கு மேல். 50 குதிரைத்திறன் கேட்கும் விமானத்துக்கு அது பொருந்தாது.

சான்றிதழ் பெறாத இன்ஜின் போட்டால், அமெரிக்காவில் வழக்கமாகச் சோதனைப் பறப்பு 40 மணி நேரம். சான்றிதழ் பெற்ற இன்ஜின், புரொப்பல்லர் ஜோடிக்கு 25. உங்கள் நாட்டு விதியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வரைபடத்தில் இன்ஜின் எடைக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறது? மவுன்ட்டோடு சேர்த்தா, சேர்க்காமலா? அதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எடைக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.