நாலு மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது. பார்வை பாதிக்குமா?

கேட்டவருடைய பெண் குழந்தைக்கு 4 மாதம். பிறந்த சில வாரத்திலிருந்தே இடது கண்ணில் நீர், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. கண்ணீர்க் குழாய் அடைப்பு என்று சொல்லிவிட்டார்களாம். அடைப்பைத் திறக்கக் கம்பி விட வேண்டி வருமா, பார்வை போய்விடுமா என்று கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். என் மகன் 2023 பிப்ரவரியில் பிறந்தான், அவனுக்கும் இதே இடது கண்தான். அடைப்பு பார்வையைக் கெடுக்காது. ஆனால் அடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணைப் பார்க்க மறந்துவிடுவோம். நான் மறந்தேன்.

கண்ணில் ஊறும் நீர், மூக்கை ஒட்டிய ஓரத்தில் இருக்கும் சின்னத் துளை வழியாக ஒரு பைக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. (அழுதால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.) அந்தக் குழாயின் அடிமுனையில் ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கும். பிறக்கும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். சில குழந்தைகளுக்குத் திறப்பதில்லை. நீர் போக வழியின்றிக் கன்னத்தில் வழிகிறது, தேங்கியதில் கிருமி சேர்ந்து பீளையாகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் தானாகவே திறந்துவிடும்.

எங்கள் வீட்டில் இதை யார் நம்பினார்கள்? அப்பத்தா, "கச்சான் காத்து பட்டிருக்கு, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடு" என்றார். பக்கத்து வீட்டு அக்கா விளக்கெண்ணெயோடு வந்தார். இரண்டும் வேண்டாம், மையும் வேண்டாம். அப்பத்தாவிடம் ஒரு உண்மை இருந்தது: காற்றிலும் சளி பிடித்தாலும் நீர் கூடத்தான் செய்யும். ஆனால் காற்று அடைப்பை உண்டாக்குவதில்லை.

நான் முதலில் காட்டிய கிளினிக்கில் மூன்று மாதம் சொட்டு மருந்து மட்டுமே எழுதிக் கொடுத்தார்கள். விட்டால் பீளை நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். நாலு பாட்டில் காலி. சொட்டு மருந்து கிருமியைத்தான் கொல்லும், ஜவ்வைத் திறக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த எரிச்சல் எனக்குப் போகவில்லை.

ஆறாவது மாதம் ராமநாதபுரத்தில் காட்டிய இடத்தில்தான் ஒரு நர்ஸ் மசாஜ் சொல்லிக் கொடுத்தார். "செஞ்சுகிட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர்" என்று செய்து காட்டினேன். சிரித்துவிட்டார். "நீங்க தடவுறீங்கம்மா. அமுக்கணும்." என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, கண்ணின் உள்ஓரத்துக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே வைத்தார். என் நகம் லேசாக வெளுக்கும் அளவுக்கு அமுக்கி, விரலை எடுக்காமல் மூக்கோரமாகக் கீழே இழுத்தார். முதல் அமுக்கிலேயே ஓரத்திலிருந்து மஞ்சளாகப் பீளை பிதுங்கியது. அப்படி வந்தால் சரியான இடத்தில்தான் அமுக்குகிறோம் என்று அர்த்தமாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி. ஒரு தடவைக்கு ஐந்திலிருந்து பத்து, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான். இந்த முறை 1923 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பையில் தேங்கிய நீரைக் கீழே தள்ளினால் அந்த அழுத்தத்தில் ஜவ்வு கிழியும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். அவர் ஒரே வரியில் புரிந்துகொண்டார்: "டீசல் லைன்ல அடைப்புன்னா நாம ஊதி எடுக்குறதில்லையா, அதுதான்."

பலருக்கு இதிலேயே திறந்துவிடும். என் மகனுக்குத் திறக்கவில்லை. ஒரு வயது தாண்டியதும் கம்பி விடலாம் என்றார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-க்குத்தான் தொடங்கும், அப்போதுதான் இவரும் கூட வர முடியும். 2022 டிசம்பரில் நின்ற பாம்பன் பால ரயிலும் அப்போது திரும்ப ஓடவில்லை. கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி மதுரை போனோம்.

அங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. டாக்டர் குழாயை அப்புறம் பார்ப்போம் என்று ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். இவன் பார்த்தான். கட்டைவிரலால் இடது கண்ணை மறைத்தார். இவன் கிலுகிலுப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கண்ணை மறைத்தார். தலையை வெட்டி இழுத்து, அவர் கையைத் தட்டிவிட்டுக் கத்தினான். இன்னொரு தடவையும் அதே.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏனென்றால் இதை நான் வீட்டில் ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறேன். நீர் வடியும் இடது கண்ணைத் துணியால் பொத்தித் துடைத்தால் பேசாமல் இருப்பான். வலது கண்ணைத் துடைத்தால் வீடே அதிரும். தினமும் துடைத்துத் துடைத்து இடது கண்ணுக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பார்க்கிற கண்ணை மூடினால்தானே அழுவான்!

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, டார்ச் அடித்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பவர் பார்த்தார்கள். ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தைக்கு எழுத்துப் படிக்காமலே பவர் கண்டுபிடிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வலது கண்ணில் ப்ளஸ் 1, இடது கண்ணில் ப்ளஸ் 4.5. பவர் கூடிய இடது கண்ணுக்குத்தான் மங்கல்.

டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். குழந்தை பார்க்கத் தெரிந்து பிறப்பதில்லை. பிறந்த புதிதில் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் முகம்தான் தெரியும், அதுவும் மங்கலாக. இரண்டாவது மாதம் போல முகத்தைப் பார்த்து நிற்கும், மூன்றாவது மாதத்தில் நகரும் பொருளோடு கண் கூடவே போகும். கண் அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் மூளை பழகுகிறது. ஒரு கண் தெளிவாகவும் இன்னொன்று மங்கலாகவும் அனுப்பினால், மூளை மங்கலானதை ஒதுக்கிவிடும். அதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாகத் திருத்தலாம், அதற்குமேல் கஷ்டம். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து இதைக் காட்டிய ஹியூபெல், வீசல் இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணீர் தெளிந்த நீர், பார்வையை மறைக்காது. ஆனால் குழாய் அடைப்பு இருக்கும் குழந்தைகளிடம் இப்படி இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் சற்று அதிகமாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதிலும் அடைப்புள்ள பக்கத்தில்தான் பெரும்பாலும். ஏன் என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதனால் மசாஜிலேயே அடைப்பு திறந்துவிட்டாலும், "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாமல் ஒரு வயதில் சொட்டு விட்டுப் பவர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஒரு வயது வரை காத்திருக்கக்கூடாத சங்கதிகளும் உண்டு. கண்ணோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். பிறந்ததுமே அந்த இடத்தில் நீலமாகப் புடைத்திருந்தாலும் அப்படியே. நீர் வடிவதோடு வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கிக்கொண்டாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது அடைப்பு அல்ல, கண் அழுத்த நோயாக இருக்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பி விடுவது பற்றிக் கேட்டீர்களே, பேரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. மயக்க மருந்து கொடுத்து, மேல்துளை வழியாக மெல்லிய கம்பியை இறக்கி ஜவ்வைத் திறப்பார்கள். தையல், வெட்டு எதுவும் கிடையாது. பத்து நிமிடத்தில் வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு தடவையே போதும். கஷ்டம் அதற்கு முந்தின சில மணி நேரம்தான். மயக்கத்துக்காக வெறும் வயிற்றில் வைத்திருக்கச் சொல்வார்கள், பாலுக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராண்டாவில் நடந்தது என் வீட்டுக்காரர்தான். என்னிடம் வந்தால் பால் வாசத்துக்கு இன்னும் அழுவான்.

மறுநாள் காலை இடது கண் ஒட்டாமல் திறந்தது. அடுத்த வாரம் கண்ணாடி வந்தது, பின்னால் ரப்பர் பட்டை கட்டியது. அதோடு வலது கண்ணை, அதாவது நல்ல கண்ணை, தினமும் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மறைக்க வேண்டும். அப்போதுதான் மூளை இடது கண்ணைப் பயன்படுத்தப் பழகும். முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடுகளைத் திண்ணையில் பரப்பி அடுக்கவிட்டால் ஒட்டை மறந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்த பிறகு பிழைத்தேன். போன தடவை காட்டியபோது டாக்டர் இடது கண்ணால் மட்டும் ஒரு மிட்டாய்த் துணுக்கை எடுக்கச் சொன்னார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.